மொன்றியலுக்குப் போகும் மகளுக்கு

கிளிநொச்சி,
பெப்ரவரி 2026

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. காலபோக வெட்டு நடக்கிறபடியால் கராச்சில் தலைக்கு மேல் வேலை.

மே மாதம் போர்முலா வன் கார்ப் பந்தயம் பார்க்கச் சிநேகிதிகளோடு மொன்றியல் போக ரிக்கற் எடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னாய். "எனக்கு ஒன்றும் தெரியாதப்பா, ஆருக்குக் கை தட்டுறது என்று மட்டும் சொல்லுங்கோ, மிச்சம் போய்ப் பார்த்தால் விளங்கும்தானே" என்றாய். அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதுதான் எழுதுகிறேன்.

போய்ப் பார்த்தால் யார் முதலாவதாக வந்தது என்பது விளங்கும். ஐந்தாவதாக வந்தவன் காரை விட்டு இறங்கி ஏன் துள்ளுகிறான், இரண்டாவதாக வந்தவன் ஏன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறான் என்பது விளங்காது. அது விளங்க ஒரு அணியின் பின்னால் சில சீசன் நடந்து வந்திருக்க வேணும். இந்த விளையாட்டின் ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. மார்ச் 8 மெல்பேணில் முதல் பந்தயம். மே மாதத்துக்கு முன்னம் நீயும் கொஞ்சத் தூரம் நடந்துவிடலாம்.

நான் மக்லாரன் அணியின் ஆள் என்பது உனக்குத் தெரியும். வெல்கிற அணியைப் பார்த்துப் பிடித்ததல்ல அது. 2015இல் நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியபோது மக்லாரன் அடிக்கு மேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் ஹொண்டா எஞ்சின் அவர்களிடம் திரும்பி வந்தது. வேகமும் இல்லை, ஒழுங்காக ஓடி முடிக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஜப்பானில், ஹொண்டாவின் சொந்தப் பாதையான சுசூக்காவில், மக்லாரன் ஓட்டுநர் பெர்னாண்டோ அலொன்சோ ரேடியோவில் "ஜீபீ டூ எஞ்சின்" என்று கத்தினார். கீழ்வகுப்புப் பந்தயத்து எஞ்சின் என்று அர்த்தம். உலகம் முழுக்க அதைக் கேட்டது.

எனக்கு அந்த எஞ்சினைச் செய்தவர்கள் பக்கம்தான் மனம் போனது. நீ பிறக்க முன்னம், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னிக்குள் பெற்றோல் பொன் விலை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, சேலைன் ரியூப்பால் காபரேற்றருக்குள் சில துளி விட்டு, உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். பிளக் கரி பிடித்துக் கறுத்துப் போகும். கழற்றி, கழுவி, அரத்தாளால் உரஞ்சி, திரும்பப் பூட்டுவோம். நான் தொழில் பழகியது அப்படித்தான். ஓடாத எஞ்சினைத் திட்டுகிறவனைவிட, அதை இரவிரவாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவன்தான் எனக்கு நெருக்கம்.

2017 முடிவில் மக்லாரன் ஹொண்டாவை விட்டுவிட்டது. ஹொண்டா தோரோ ரோசோ என்ற சின்ன அணிக்குப் போய், 2019இல் ரெட் புல் அணிக்கும் வந்தது. 2021இல் ரெட் புல்லின் மக்ஸ் வெர்ஸ்டாப்பன் உலகச் சம்பியன் ஆனபோது அவருக்குப் பின்னால் இருந்தது ஹொண்டா எஞ்சின்தான். சுசூக்காவை மட்டும் பார்த்தவனுக்கு அந்தக் கத்தல் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். விடாமல் பார்த்தவனுக்கு ஆறு வருட உழைப்பும் தெரியும்.

2021 என்றவுடன் எல்லாரும் அபுதாபியைத்தான் கதைப்பார்கள். மெர்சிடிஸ் அணியின் ஹமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சரிசமமாக 369.5 புள்ளியோடு வந்து, கடைசிச் சுற்றில் முடிந்த கதை. விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் சேஃப்டி காருக்குப் பின்னால் நின்றவற்றில், அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்ற, ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து காரை மட்டும் முன்னால் போக விட்டார்கள், மற்றவற்றை விடவில்லை. அதனால் வெர்ஸ்டாப்பன் ஹமில்டனுக்கு நேர் பின்னால் வந்து முந்தி வென்றார். விதியை நடத்துகிறவர் பந்தயத்துக்கு நல்ல முடிவு தேடக் கூடாது என்பது என் எண்ணம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

எனக்கு அந்த வருடம் என்றால் செப்டெம்பர் மாதம்தான். இத்தாலியில், மொன்சாவில், மக்லாரனின் றிக்கார்டோ முதலாவது, லாண்டோ நொறிஸ் இரண்டாவது. 2012க்குப் பிறகு மக்லாரனுக்கு வந்த முதல் வெற்றி. இரண்டு வாரம் கழித்து ரஷ்யாவில், சோச்சியில், நொறிஸ் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போல், அதாவது தொடக்கத்தில் முதல் இடம், எடுத்து முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு 21 வயது. பின்னால் ஹமில்டன். முடிய இன்னும் சில சுற்றுத்தான், மழை தூறத் தொடங்கியது. ஹமில்டனும் முதலில் ரயர் மாற்றுகிற பிட்டுக்குள் வர மறுத்தார், பிறகு அணி சொன்னதைக் கேட்டு வந்து மழை ரயர் போட்டார். நொறிஸ் வரவில்லை. காய்ந்த பாதைக்குரிய ரயரோடு வெளியிலேயே நின்றான். மழை இறுக்கியது. கார் வழுக்கிப் பாதையை விட்டு வெளியே போனது. ஹமில்டனுக்கு அது நூறாவது வெற்றி. நொறிஸ் ஏழாவது. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். அம்மா குசினிக்குள் இருந்து "உங்கட பெடியன் எத்தனையாவது?" என்று கேட்டா. வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோலும் இல்லை. கராச் பற்றறியில் போனைச் சார்ஜ் பண்ணித்தான் பார்த்தேன். மெல்பேணில் வெர்ஸ்டாப்பனின் கார் எரிபொருள் கசிந்து நின்றது அந்த ஏப்ரலில்தான்.

சரி, 2023க்கு வருகிறேன். உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டிய வருடம் இதுதான். பஹ்ரேனில் முதல் பந்தயம். மக்லாரனின் புது ஓட்டுநர் ஒஸ்கார் பியாஸ்ட்ரிக்கு அதுதான் முதல் போர்முலா வன் பந்தயம், கார் இடையில் நின்றுவிட்டது. நொறிஸின் எஞ்சினில் காற்றழுத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அதை நிரப்ப ஆறு தடவை பிட்டுக்குள் வந்தான். பதினேழாவதாக முடித்தான். அணியின் புது அதிபர் அந்திரியா ஸ்டெல்லா, காரின் குறையை மறைக்காமல் சொன்னார். புதுச் சாமான் வரும்வரை பொறுக்கச் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. ஜூலை மாதம் ஒஸ்திரியாவில் நொறிஸின் காருக்குப் புதுப் பாகங்கள் வந்தன. அடுத்த வாரம் சில்வர்ஸ்டனில் நொறிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி நாலாவது. அதே கார், அதே எஞ்சின், அதே ஓட்டுநர்கள். மாறியது காரின் தரைப்பகுதியும் பக்கங்களும், காற்று போகிற வழியும்தான். அந்த சீசனில் 22 பந்தயத்தில் 21ஐ ரெட் புல் வென்றது. பலர் அலுத்துப்போய்ப் பார்ப்பதை விட்டார்கள். எனக்கு ஒரு வாரம்கூட அலுக்கவில்லை, ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது நடுவில் நடந்ததை.

2024 மே மாதம் மயாமியில் நொறிஸுக்கு முதல் வெற்றி. இங்கே அப்போது திங்கள் விடியப்புறம். டிசம்பரில் அணிகளுக்கான சம்பியன் பட்டம், ஃபெராரியைவிட வெறும் 14 புள்ளி கூட. 1998க்குப் பிறகு மக்லாரனுக்கு அதுதான் முதல் தடவை.

போன வருடத்தை நீ காதால் கேட்டிருப்பாய், நான் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் நெதர்லாந்தின் ஸன்ட்வோர்ட் பந்தயத்தை எழுதாமல் விட ஏலாது. ஓகஸ்ட் 31. பியாஸ்ட்ரி முன்னால், நொறிஸ் பின்னால். முடிய ஏழு சுற்று இருக்க, நொறிஸின் காருக்குப் பின்னால் புகை. திரையில் பார்த்தவுடனேயே ஒயில் என்று தெரிந்தது. தண்ணீர் ஆவி வெள்ளையாக வந்து உடனே கரைந்துபோகும், எரிந்த ஒயிலின் புகை நீலம் கலந்து கனமாக இழுபடும். காரை ஓரம் கட்டிவிட்டுப் புல் மேட்டில் போய்த் தனியாக இருந்தான். பியாஸ்ட்ரி 34 புள்ளி முன்னுக்குப் போய்விட்டான். எல்லாரும் முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை. நொறிஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து முன்னுக்கு வந்தான். பிறகு லாஸ் வேகாஸில் இரண்டு மக்லாரன் காரையும் பட்டியலில் இருந்தே நீக்கினார்கள். காருக்கு அடியில் ஒரு பலகை இருக்கும், அது தேய்ந்து 9 மில்லிமீற்றருக்குக் கீழே போகக் கூடாது. போய்விட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு குறையும் இல்லை. அளவு என்றால் அளவுதான். கடைசியில் அபுதாபி. வெர்ஸ்டாப்பன் முதலாவது, நொறிஸ் மூன்றாவது. 423க்கு 421. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் நொறிஸ் உலகச் சம்பியன். சோச்சி மழையில் வழுக்கிப் போன அதே பெடியன். நான் அழுதேன் மகள். அம்மாவும் பக்கத்தில் வந்து இருந்தா.

இனி மொன்றியல். அந்தப் பாதை சென் லோரன்ஸ் ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவில் இருக்கிறது. 4.361 கிலோமீற்றர், 70 சுற்று. ஃபெராரியில் ஓடிய கியூபெக் பெடியன் ஜில் வில்நேவின் பெயர் அதற்கு. 1978இல் அங்கே நடந்த முதல் பந்தயத்தை வென்றது அவர்தான். 1982இல் பெல்ஜியத்தில், ஸோல்டரில், கார் மோதி இறந்துபோனார். ஹமில்டன் தன் முதல் வெற்றியை 2007இல் அங்கேதான், மக்லாரனில், எடுத்தார்.

கடைசி வளைவு முடிகிற இடத்தில் ஒரு மதில் இருக்கிறது. 1999இல் ஒரே பந்தயத்தில் டேமன் ஹில், மைக்கேல் சூமாக்கர், ஜில்லின் மகன் ஜாக் வில்நேவ் மூன்று உலகச் சம்பியன்களும் அதில் அடிபட்டார்கள். உங்கள் இருக்கை அதற்குக் கிட்ட என்றால் நல்ல அதிர்ஷ்டம். பயப்படாதே. 2020இல் பஹ்ரேனில் றொமன் குறோஜானின் கார் இரண்டாகப் பிளந்து எரிந்தபோது, தலைக்கு மேல் இருக்கிற ஹேலோ என்ற வளையம்தான் அவரைக் காத்தது. அரை நிமிடத்துக்குள் நெருப்பிலிருந்து தானாக வெளியே வந்தார். நான் அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகப் பார்க்கிறேன்.

மழைக்கோட்டை மறக்காமல் கொண்டு போ. 2011இல் அங்கே மழையால் பந்தயம் நாலு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மக்லாரனின் ஜென்சன் பட்டன் ஆறு தடவை பிட்டுக்குள் போனார், ஒரு கட்டத்தில் ஆகக் கடைசியாக ஓடினார், கடைசிச் சுற்றில் செபஸ்டியன் வெட்டல் வழுக்க முந்தி வென்றார். மழை வந்தால் எழும்பிப் போகாதே, அப்போதுதான் தொடங்குகிறது.

பிட்டில் கண்ணை வை. மழை இருட்டிக்கொண்டு வரும்போது வயலுக்குள் நின்றுபோன வெட்டு மெஷினைச் சுற்றி நானும் பெடியளும் நிற்கிறதைச் சின்னனில் பார்த்திருக்கிறாய். அதுபோலத்தான் அவர்களும், ஆனால் அவர்களுக்கு இருப்பது இரண்டு செக்கன். 2023இல் கட்டாரில் மக்லாரன் நாலு சக்கரத்தையும் 1.80 செக்கனில் மாற்றியது. காரைப் பார்க்காதே, சக்கர நட்டைக் கழற்றிப் பூட்டும் துவக்கோடு குந்தியிருக்கிறவனின் கையைப் பார். ரயரின் நிறமும் கவனி. சிவப்பு சொஃப்ட் (மெது), மஞ்சள் மீடியம் (நடுத்தரம்), வெள்ளை ஹார்ட் (கடினம்). மே மாதக் குளிரில் ரயர் சூடேற நேரம் எடுக்கும், அதனால் பிட்டிலிருந்து வெளியே வருகிறவன் முதல் இரண்டு வளைவில் தடுமாறக் கூடும்.

இந்த வருடம் கார் எல்லாம் புதிது. கிட்டத்தட்டப் பாதிச் சக்தி மின்சாரத்தில் இருந்து. சிறகுகள் ஓடும்போதே அசையும். எரிபொருள் நிலத்தடி எண்ணெய் இல்லை, வேறு வழியில் தயாரித்தது. மண்ணெண்ணெயில் ஓட்டினவனுக்கு அதை எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய எவ்வளவு ஆவல் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கடிலாக் பதினோராவது அணியாக வருகிறது, ஆக 22 கார். போன வருடக் கணக்கு எதுவும் இனிச் செல்லாது. அதனால் புதிதாகப் பார்க்கத் தொடங்க இதைவிட நல்ல வருடம் உனக்குக் கிடைக்காது.

யாருக்குக் கை தட்டுவது என்று கேட்டாய். என்னைப் பார்த்து மக்லாரனைப் பிடிக்காதே. நடுவிலோ கடைசியிலோ ஓடுகிற ஒன்றைப் பிடி. நான் மக்லாரனோடு கூட இன்னொன்றையும் பார்க்கப் போகிறேன். அஸ்டன் மார்ட்டின் இந்த வருடம் ஹொண்டா எஞ்சின் பூட்டுகிறது, அதை ஓட்டுகிறவர்களில் ஒருவர் அலொன்சோ. சுசூக்காவில் கத்திய அதே அலொன்சோ, இப்போது 44 வயது. அந்தக் காரும் அந்த ஆளும் இந்தத் தடவை எப்படிப் போகப் போகிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மெல்பேண் பந்தயம் இங்கே காலை ஒன்பதரைக்கு, உங்களுக்குச் சனி இரவு. நித்திரை கொள்ளாமல் இருந்து பார். முடிந்தவுடன் போன் எடு, முதலில் அலொன்சோ எத்தனையாவது என்பதைக் கதைப்போம்.

அன்புடன்,
அப்பா