அவுட்பாஸ் கேட்டு வளர்ந்தவர்களை அயல்நாட்டுக்கு அனுப்பும் கல்லூரிகளுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். உங்களில் ஒருவருடைய கல்லூரியில் படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 2025 செப்டம்பர் கடைசியில் ஜெர்மனிக்குப் போனேன். சாக்சனி மாநிலத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு மார்ச்சில் திரும்பினேன். எங்கள் வீட்டில் விமானம் ஏறிய முதல் ஆள் நான். இப்படி அனுப்புவதை நீங்கள் நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அனுப்பும் விதத்தை மாற்ற வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அங்கே ஒரு வீட்டில் குடியேறினால் 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அது சட்டம். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள், இவ்வளவுதான் தேவை. எல்லாம் என் பையில் இருந்தன. திரையில் என் எண் வந்தது, போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒரு தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பேனாவைக் கையில் எடுத்தவள், திரும்பிப் பின்னால் பார்த்தேன். காலி நாற்காலிகள். அப்பாவைத் தேடியிருக்கிறேன் என்று ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

அதற்கு முன் எந்த அலுவலகத்திலும் ஒரு தாளை நான் தனியாக நீட்டியதே இல்லை. சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கல்லூரிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் அப்பாதான். விசாவுக்குக்கூட கல்லூரியில் சொன்ன ஏஜென்ட் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். சென்னைக்குப் போய் விரல் ரேகை வைத்தது மட்டும்தான் நான் செய்தது.

கல்லூரி வாழ்க்கையும் அப்படித்தான் இருந்தது. காலை 7.10க்குக் கல்லூரிப் பேருந்து. ஒரு மணி நேரம் வகுப்பில் இல்லையென்றால் அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ். விடுதியில் இருந்த தோழிகள் சோப்பு வாங்கப் போகவும் அவுட்பாஸில் கையெழுத்து வாங்க வேண்டும். இதெல்லாம் எங்கள் பாதுகாப்புக்காக என்று சொல்வீர்கள். அந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மூன்று வருடம் ஒரு நாளைக்கூடச் சொந்தமாக நடத்த விடாமல் வைத்திருந்துவிட்டு, ஒரே இரவில் 180 நாட்களைக் கையில் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்?

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அங்கே பெரும்பாலான வகுப்புகளுக்கு வருகைப் பதிவு கிடையாது. வந்தாயா, படித்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் ஒழுங்காகத்தான் போனேன், படித்தேன். ஆனால் தேர்வு எழுத வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நாமே, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக, குறித்த தேதிக்குள் பதிய வேண்டும். இங்கே தேர்வுக் கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் வந்து வாசிப்பார்கள். அங்கேயும் யாராவது வந்து சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். தேதி முடிந்து நான்கு நாள் கழித்து, விடுதியில் பக்கத்து அறைப் பெண், “நீ பதிந்துவிட்டாய்தானே?” என்று கேட்டாள். 5 கிரெடிட் போயிற்று. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பாடத்தை இப்போது இங்கே முதலிலிருந்து படிக்கிறேன்.

இதை வீட்டில் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. விசாவுக்காக மாதம் 992 யூரோ வீதம் 6 மாதத்துக்கு 5,952 யூரோ கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக அப்பா மாந்தோப்பை அடமானம் வைத்தார். அந்தத் தோப்பை நினைத்துக்கொண்டு “பரீட்சை போச்சுப்பா” என்று எப்படிச் சொல்வது? டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அப்போது நம் ஊரில் இரவு எட்டரை. அம்மா கூப்பிட்டு, “சாப்ட்டியா கண்ணு?” என்பார். சாப்பிட்டேன் என்பேன். பாதி நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

சாப்பாடு என்றதும் முதல் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை இரவு போய் இறங்கினேன். ஞாயிறன்று அங்கே கடைகள் அடைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த ராகி மாவு 2 கிலோ இருந்தது. மின் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மாவைக் கொட்டி, அங்கே கிடந்த சின்ன மரக்கரண்டியால் கிண்டினேன். களிக்கு அது போதுமா? கட்டி கட்டியாகத் திரண்டது. அடுப்பை அணைத்தேன். ஆனால் அந்த அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாகவே இருக்கும் என்று தெரியாமல் பாத்திரத்தை அதன் மேலேயே விட்டுவிட்டேன். அடி தீய்ந்த அந்தக் களியை ஊறுகாய் தொட்டு, மூன்று வேளையும் சாப்பிட்டேன். மறுநாள் வெளியே போய் உப்பும் தக்காளியும் நானே பார்த்து வாங்கி வந்தபோது வந்த தெம்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்தத் தெம்பு இங்கேயே வந்திருக்கலாம். போகப்போகிறவர்களை, கடைசி ஒரு செமஸ்டருக்காவது, அவுட்பாஸ் இல்லாமல் விடுங்கள். விசா படிவத்தை ஏஜென்ட் நிரப்ப வேண்டாம், அவர்களே நிரப்பட்டும். தப்பு வந்தால் திருத்திக்கொடுங்கள். தேர்வுப் பதிவு, முகவரிப் பதிவு, ஞாயிற்றுக்கிழமைக் கடை இதையெல்லாம் போய் வந்தவர்கள் உட்கார்ந்து சொன்னால் அரை நாளில் சொல்லிவிடலாம். அப்புறம் இன்னொன்று: அங்கே 1 என்பதுதான் உயர்ந்த மதிப்பெண், 5 என்றால் தோல்வி. நான் வாங்கி வந்த 1.7ஐப் பார்த்து எங்கள் அலுவலகத்தில், “ஏன்மா இவ்வளவு கம்மி?” என்று கேட்டார்கள். அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் போகிறார்கள். பெட்டியில் என்ன வைக்கலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை என்றாலும் நான் வந்து பேசத் தயார், உங்கள் கல்லூரி எதுவாக இருந்தாலும் சரி. ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். அன்றைக்கு அவர்கள் கல்லூரிப் பேருந்தில் வர வேண்டாம். டவுன் பஸ் ஏறி, தாங்களாகவே வந்து சேரட்டும்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மாணவி