கேஷ் வேறு, காசு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லே நம் காசு போட்ட பிச்சை என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் அறியாததல்ல, இருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது அதன் பொருள் பணப்பெட்டி. லத்தீனில் கப்ஸா, இத்தாலியனில் கஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ், எல்லாம் பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ஆகுபெயர் படித்த தமிழருக்கு இதை விளக்கவா வேண்டும்? மருந்துக்கடை கேப்சூல்கூட அந்தக் குடும்பத்துக் குட்டிப்பெட்டிதான். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

காசிலிருந்து போன கேஷ் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு, அது தனிச்சொல். நம் காசைக் கேட்ட போர்த்துகீசியர், தங்களிடம் பெட்டிக்கு இருந்த கைஷா என்ற சொல்லையே அதற்கும் ஒட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அதுவும் கேஷ் ஆனது. குழப்பம் பிறந்த இடம் இதுதான். அந்தக் காலச் சென்னை நாணயக் கணக்கில் 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1808இல் இங்கிலாந்தின் சோஹோ நாணயச் சாலையில் அடித்த செப்புக்காசில் எக்ஸ் எக்ஸ் கேஷ் என்றிருப்பது இந்தக் கேஷ். ரோமன் எண்ணில் எக்ஸ் எக்ஸ் இருபது; இருபது காசு என்று பொருள். நீங்களோ அதன் படத்தைப் போட்டு ரொக்கத்துக்குச் சான்று என்கிறீர்கள். நாணயம் சேகரிப்பவர்கள் சிரிக்கிறார்கள். சீனாவின் சதுர ஓட்டைச் செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் சொன்னது இதே பெயரைத்தான். பெருமைப்பட அது போதாதா?

முன்பு ஆங்கில நேவிக்கு மூலம் நம் நாவாய் என்றீர்கள். அதற்கும் முன்பு ‘ஒன்’ என்ற ஆங்கில எண்ணுக்கு நம் ஒன்று. ஓசை ஒத்தால் உறவுமுறை! கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி, பிரெஞ்சு வழியாகப் போன வெட்டிவேர் என்று ஆங்கில அகராதியில் ஐயமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நம் சொற்களுக்கு மட்டும் உங்கள் பத்தியில் இடம் கிடைப்பதில்லை. 1690இல் கம்பெனி கோட்டை வாங்கிய தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

சொற்பிறப்பு எழுதித் தருபவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அந்தச் சொல் முதலில் எப்போது, எந்தப் பொருளில் எழுதப்பட்டது? எந்த மொழி வழியாக வந்தது? ஓசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். சென்ற முறை போல ராசிபலனுக்கு அடியில் வேண்டாம்; தவறு வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.