நான்கு குதிரைகளுக்கு ஒரு காகிதம்கூட இல்லை: பண்ணை விற்பனை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உங்கள் நிறுவனம் வழியாக வாங்கிய பண்ணையில் இருந்த குதிரைகளின் வயது, உடல்நிலை, மருத்துவப் பதிவுகள் மறைக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனம் முன்னின்று முடித்துக் கொடுத்த பண்ணை வீட்டையும், அதைச் சேர்ந்த விளைநிலம், மேய்ச்சல் நிலம், லாயம், நான்கு குதிரைகளையும் வாங்கியது நான்தான். பத்திரம் பதிந்து, முழுப் பணமும் கைமாறி, குடும்பத்தோடு குடிவந்தும் விட்டோம். வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஓர் அறையில் கூரை ஒழுகுகிறது; பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்கும், நானே சரிசெய்துகொள்வேன். இந்தக் கடிதத்தைக் குதிரைகளுக்காக எழுதுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் விற்பனை அலுவலர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நாங்க வித்தது நிலமும் வீடும்தான் சார். குதிரைங்க ஒரு அன்பளிப்பு மாதிரி கூட வந்தது." தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்கு யாரும் எதையும் தானமாகக் கொடுக்கவில்லை. உங்கள் விளம்பரத்தின் முதல் வரியே "இளம் குதிரைகளுடன் கூடிய அழகிய பண்ணை" என்பதுதான். முதல் நான்கு படங்களும் குதிரைகளின் படங்கள். "வாங்கிய அன்றே சவாரி செய்யலாம்" என்று அதன் கீழே எழுதியிருந்தது. விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலிலும் அவை இருக்கின்றன. எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்: டிராக்டர் ஒன்று, புல்வெட்டும் இயந்திரம் ஒன்று, குதிரைகள் நான்கு, இரும்புப் பீப்பாய்கள் ஆறு.

அந்த வரியில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சாவி ஒப்படைத்த அன்று ஒவ்வொரு சாவியிலும் சீட்டு கட்டி, எந்தக் கதவுக்கு எது என்று எழுதிக் கொடுத்தீர்கள். தண்ணீர் மோட்டாருக்கு உத்தரவாத அட்டை இருந்தது. ஜெனரேட்டருக்கு ஒரு புத்தகமே இருந்தது. லாயத்தில் நின்றுகொண்டிருந்த நான்கு உயிர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எப்போது தடுப்பூசி போட்டது, எப்போது குடற்புழு நீக்கியது, என்ன தீவனம், எவ்வளவு, லாடம் கடைசியாக எப்போது மாற்றியது, எதற்கும் பதில் இல்லை. வாங்குவதற்கு முன்பே என் தரப்பில் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து வருகிறேன் என்று கேட்டேன். "புது ஆளைக் கண்டால் குதிரைகள் மிரளும், உரிமையாளரின் மருத்துவர் பார்த்துவிட்டார், சான்றிதழ் பத்திரத்தோடு வந்துவிடும்" என்று உங்கள் அலுவலர் மின்னஞ்சலில் உறுதி கொடுத்தார். அந்த மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன். சான்றிதழ் இன்றுவரை வரவில்லை.

முதலில் செவலைப் பெண் குதிரை. விளம்பரத்தில் அதற்கு 8 வயது. நாங்கள் குடிவந்த பிறகு பார்க்க வந்த கால்நடை மருத்துவர், அதன் மேலுதட்டைத் தூக்கி, ஓரத்தில் இருக்கும் வெட்டுப்பல்லை எனக்குக் காட்டினார். அந்தப் பல்லின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளக் கோடு. கால்வெய்ன் கோடு என்று அதற்குப் பெயர். பொதுவாக 10 வயதுவாக்கில் ஈறின் ஓரத்தில் அது தலைகாட்டும். 15 வயதில் பல்லின் பாதிவரை இறங்கும். 20 வயதில் பல்லின் நுனியைத் தொடும். எங்கள் செவலைக்கு அது கிட்டத்தட்ட நுனிவரை வந்துவிட்டது. பல்லை வைத்துச் சொல்லும் வயது துல்லியமானது அல்ல, ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும் என்பதை அந்த மருத்துவரே சொன்னார். சரி, ஒன்றிரண்டு வருடம் என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். 8 வயதுக் குதிரையின் பல்லில் அந்தக் கோடு வெளியே வந்தே இருக்காது.

வயதான குதிரை என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் வயது தெரிந்தால்தான் அதற்கு என்ன கொடுப்பது, முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றுவது, ஏற்றலாமா கூடாதா என்பதே தெரியும். கடைவாய்ப் பல் தேய்ந்த குதிரைக்குக் காய்ந்த புல்லை அப்படியே போட்டால் மென்று விழுங்க முடியாது. உருட்டி உருட்டித் துப்பும். அதைத்தான் இது செய்துகொண்டிருந்தது. விலா எலும்பு தெரிய இளைத்துப்போன காரணம் எங்களுக்குப் புரியவே சில வாரங்கள் ஆயின. 8 வயது என்று நம்பி, என் மகள் அதில் சவாரி பழகத் தொடங்கியிருந்தாள்.

அடுத்து சாம்பல் நிறக் குதிரை. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் பண்ணையைப் பார்க்க வந்த நாளில் அது வளைந்து வளைந்து ஓடியது. "எவ்வளவு துடிப்பு பாருங்கள்" என்று உங்கள் அலுவலர் காட்டினார். குடிவந்த வாரத்திலேயே அது முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடல் எடையைப் பின்னங்கால்களில் தாங்கிக்கொண்டு நின்றது. குளம்பில் கை வைத்தால் சூடு. குளம்பு அழற்சி, லேமினைட்டிஸ். எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் எலும்பு தன் இடத்தை விட்டுச் சாய்ந்திருந்தது.

இது புதிதாக வந்தது, நாங்கள் கொடுத்த தீவனத்தால் வந்திருக்கும் என்று உங்கள் அலுவலகம் சொல்லப் பார்த்தது. அந்தக் குளம்பே அதற்குப் பதில் சொல்கிறது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போல மேலிருந்து வளர்ந்து கீழே இறங்கும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். நோய் தாக்கிய சமயத்தில் அந்த வளர்ச்சி கோணி, வளையமாகப் பதிந்துவிடும். இந்தக் குதிரையின் முன்னங்குளம்புகளில் அப்படி வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. குளம்பின் முன்பக்கம் நெருக்கமாக, குதிகால் பக்கம் அகலமாக. ஒன்று குளம்பின் பாதி உயரம்வரை இறங்கிவிட்டது. நாங்கள் விளம்பரத்தைப் பார்ப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அது வலியில் நின்றிருக்கிறது. படங்கள் எடுத்து இணைத்திருக்கிறேன், எந்தக் கால்நடை மருத்துவரிடமும் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் அன்று எப்படி ஓடியது? வலி மருந்து கொடுத்திருக்கலாம் என்கிறார் எங்கள் மருத்துவர். ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்து வலியை அமுக்கிவிடும்; அதன் வேகம் இருக்கும்வரை நொண்டல் தெரியாது. கொடுத்தது யார், கொடுத்தார்களா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் யார் மீதும் பழி போடவில்லை. ஆனால் குதிரை வாங்குவதற்கு முன் மருத்துவர் பரிசோதிப்பதும், இரத்தம் எடுத்து வைப்பதும் இதற்காகத்தான். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் முதலில் ஓடி வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் இதே மருந்து இருந்ததால் வெற்றி பறிபோனது. இந்த மருந்து ஒரு குதிரையை உண்மையைவிட நன்றாகக் காட்டும் என்பது குதிரைத் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. அப்படியிருந்தும் எங்கள் மருத்துவரை வரவிடாமல் தடுத்தது உங்கள் நிறுவனம்.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி. விளம்பரத்தில் 20 ஏக்கர் மேய்ச்சல் என்றீர்கள். பத்திரத்தில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தாழ்வான சதுப்பு, மழை பெய்தால் குளம்பு புதையும் சேறு. இன்னொரு பகுதி வெறும் சரளைக்கல். மேய ஏற்ற நிலம் 5 ஏக்கர் தேறினால் அதிகம். ஒரு குதிரைக்குக் குறைந்தது ஓரிரு ஏக்கர் நல்ல புல்தரை வேண்டும் என்ற கணக்கு குதிரைப் பண்ணை விற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரர் தன் வண்டியை எங்கள் நிலத்தின் குறுக்கே ஓட்டிப் போகும் பழைய பாதை உரிமை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

வேலிதான் எங்களைப் பெரிதும் பயமுறுத்தியது. படங்களில் தெரிந்தது வெள்ளை வண்ணமடித்த மரவேலி. அது முகப்பில் மட்டும். பின்பக்கம் முழுக்க முள்கம்பி. முள்கம்பி மாடுகளுக்காக வந்தது. மாடு முள் குத்தினால் நின்று பின்வாங்கும். குதிரை மிரண்டால் முதலில் ஓடும், சிக்கிக்கொண்டால் காலை உதறி இழுக்கும், அவ்வளவுதான், தோலும் சதையும் கிழிந்துவிடும். நான்கில் இளைய குதிரைக்கு அதுதான் நடந்தது. பின்னங்காலில் எலும்பு தெரியும் அளவு கிழிசல். குதிரைக்கு டெட்டனஸ் எளிதாகத் தொற்றும் என்பதால் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பது. அந்த இரவில் உங்கள் அலுவலருக்கும் அழைத்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. பதிவு இல்லாததால் எதுவுமே போடாத குதிரையாக எண்ணி எதிர்ப்புமருந்து கொடுத்து, தடுப்பூசியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு காகிதம் இருந்திருந்தால் அந்தப் பதைபதைப்பு இருந்திருக்காது.

அந்த முள்கம்பியை மறைக்க ஒரு செடிவரிசை வைத்திருக்கிறார்கள். இளஞ்சிவப்புப் பூக்களோடு விளம்பரத்தில் மிக அழகாக இருந்தது. அது அரளி. அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். ஒரு கைப்பிடி இலை ஒரு பெரிய குதிரையைச் சாய்க்கப் போதும். பச்சையாக இருக்கும்போது கசப்பினால் பெரும்பாலும் தொடாது. காய்ந்து உதிர்ந்த இலை புல்லோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்றுவிடும், காய்ந்தாலும் அதன் விஷம் போவதில்லை. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது போனதுதான். குதிரைகள் மேயும் வேலியோரம் அரளியை வைத்து, அதன் முன்னால் குதிரையை நிறுத்திப் படம் எடுத்து விளம்பரப்படுத்தியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்களில் ஒருவருக்காவது அது கண்ணில் படவில்லையா?

கறுப்புக் குதிரைக்கு நோய் ஒன்றும் இல்லை. ஆனால் அது மரத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் கொண்டது. லாயத்தின் அரைக்கதவு விளிம்புகளில் புதிதாகத் தகரம் அடித்திருந்ததன் காரணம் பிறகுதான் விளங்கியது. ஒரு தகரத்தைக் கழற்றிப் பார்த்தேன், அடியில் மரம் பாதிக்குமேல் கடித்துத் தேய்ந்திருக்கிறது. நீண்ட நாள் தனியாகக் கட்டிப்போட்ட குதிரைகளிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம் இது. அதன் மீது எனக்குக் கோபமே இல்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் கேட்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. அப்படி ஒரு யோசனையை உங்கள் அலுவலர் சொன்னார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. அவை எங்களிடமே இருக்கட்டும். முந்தைய உரிமையாளரிடம் இருக்கும் மருத்துவப் பதிவுகள், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) இருந்தால் அதன் எண், அவற்றைப் பார்த்த மருத்துவர், லாடம் அடித்தவர் ஆகியோரின் தொடர்பு விவரம் எல்லாம் உடனடியாக வேண்டும். பழைய வைத்தியம் தெரிந்தால்தான் சாம்பல் குதிரைக்கு இப்போதைய வைத்தியம் சரியாக நடக்கும், அதனால் இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். அப்புறம், குளம்புச் சிகிச்சை, கிழிந்த காலுக்கான சிகிச்சை, முள்கம்பியையும் அரளியையும் அப்புறப்படுத்தி மாற்று வேலி போட்ட செலவு ஆகியவற்றை நிறுவனம் ஏற்க வேண்டும். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. மேய்ச்சல் நிலம் பற்றிய தவறான விவரத்துக்கு விலையில் உரிய தொகையைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும்.

உங்கள் தளத்தில் இன்னொரு பண்ணை விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். அதிலும் "குதிரைகளுடன்" என்றுதான் இருக்கிறது, வயது மட்டும் போட்டிருக்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. வாங்குபவரின் மருத்துவர் வந்து பார்க்கலாம் என்ற ஒரு வரியையாவது அந்த விளம்பரத்தில் இன்றே சேருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். பதில் வராவிட்டால் ஒப்பந்தம், மின்னஞ்சல், எக்ஸ்ரே, படங்கள் எல்லாவற்றுடனும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன். மருத்துவப் பதிவுகளுக்கு மட்டும் அந்த 15 நாள் பொருந்தாது. சாம்பல் குதிரைக்கு அடுத்த எக்ஸ்ரே இந்த வாரக் கடைசியில் எடுக்கிறார்கள், அதற்கு முன்பே அவற்றை எங்கள் மருத்துவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். முகவரி இணைப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனம் வழியாகப் பண்ணை வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தப் பட்டியல், விளம்பரப் படிகள், மின்னஞ்சல் நகல், மருத்துவர் அறிக்கை, எக்ஸ்ரே, குளம்பு மற்றும் வேலியின் படங்கள், ரசீதுகள்