புரெவிக்கு முன்னால் கயிறு பிடித்தவர்களுக்கு

பாம்பன் தெற்குவாடி, சின்னப்பாலம், குந்துகால் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

புரெவிப் புயல் போய் ஒரு வாரம் ஆகிறது. நேற்று மதுரையிலிருந்து என் நாத்தனார் போன் பண்ணினாள். "என்ன மதினி, பெருசா வரும் பெருசா வரும்னு டிவியில போட்டுக்கிட்டே இருந்தான், ஒண்ணுமே இல்லாமப் போயிருச்சே" என்றாள். நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில்தான் கேட்டாள். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. ஒன்றுமே இல்லாமல் எப்படிப் போகும்? டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து 3-ம் தேதி மதியம் வரைக்கும் இந்தக் கரையில் யார் தூங்கினார்கள்? என் படகு இன்றைக்கு முழுசாக நிற்கிறதென்றால் அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாள் போனால் நாமே மறந்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் "பேரெல்லாம் எதுக்குக்கா" என்று சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரின் பெயர் எனக்கே தெரியாது.

படகு என் வீட்டுக்காரர் கடன் வாங்கி வாங்கியது. அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது படகு என் பேரில் இருக்கிறது. நானும் கடலில் இறங்கினவள்தான், ஆனால் கடல்பாசி எடுக்க. மரிக்கொழுந்துப் பாசிக்காகத் தீவுப் பக்கம் முங்கி எழுந்த கை இது. விசைப்படகை எப்படிக் கட்டுவது, நங்கூரத்தை எங்கே போடுவது என்பதெல்லாம் அவரும் தொழிலாளிகளும் பார்த்துக்கொண்ட வேலை.

அந்த நேரம் பார்த்துப் படகில் கியர்பாக்ஸ் இல்லை. நவம்பர் கடைசியில் நிவர் புயலுக்காகத் தொழில் நின்றபோது, சும்மாதானே கிடக்கிறது என்று கழற்றி ராமநாதபுரத்துப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். நிவர் 25-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. ஒரு வாரத்துக்குள் அடுத்தது வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. 1-ம் தேதி கடலுக்குப் போக டோக்கன் கிடையாது என்றார்கள். கோயில் மைக்கிலும் பள்ளிவாசல் மைக்கிலும் மாறி மாறிச் சொன்னார்கள். அப்புறம் துறைமுகத்தில் 7-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. 2, 3 என்று ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நாம். 7 என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ அதை ஒட்டியோ கடக்கும் என்று அர்த்தம். 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, நடுநடுவே 90 வரை என்று செய்தியில் வந்தது. தெற்குவாடியில் படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் படகு, கால் ஒடிந்த மாடு மாதிரி. காற்றில் உடைகிற படகை விட ஒன்றோடு ஒன்று மோதி உடைகிற படகுதான் அதிகம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

முதல் நன்றி, கட்டி இழுத்துப்போன டிரைவர் தம்பிக்கு. நான் போய்க் கேட்கவில்லை. அவர் முதலாளியின் இரண்டு படகையும் குந்துகால் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், கரையில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "மதினி, உங்க படகுல கியர் இல்லைல்ல?" என்றார். அவ்வளவுதான். மூன்றாவது நடையாக மறுபடி படகை எடுத்தார். டீசலுக்குக் காசு நீட்டினால் வாங்கவில்லை. அலை தூக்கித் தூக்கிப் போட, எங்கள் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகப் போனதைக் கரையிலிருந்து பார்த்தேன். வழக்கமாக எட்டிப் பிடிக்கிற தூரம். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஏன் குந்துகால் என்று கேட்பவர்களுக்காகவும், அடுத்த புயலுக்கு நம் பிள்ளைகளுக்கு உதவும் என்றும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த யோசனை எங்கள் தெருப் பெரியவருடையது. அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் ஊருக்குள் வந்தபோது அவருக்கு 9 வயது. அந்த ராத்திரியைப் பற்றி அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. ரயில் போனதை, ஊர் போனதை மற்றவர்கள் பேசினால்கூட எழுந்து போய்விடுவார். அன்றைக்கு அவராகவே வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார்.

"இப்ப அடிக்கிறது வாடை, வடக்குக் காத்து. தெக்க நிக்கிற படகை வாடை ஒண்ணும் செய்யாது, தீவு மறைச்சிரும். அதைப் பாத்துட்டு எல்லாரும் நங்கூரத்தை வடக்க மட்டும் போட்டு வச்சிருக்கான். புயல் நம்மளத் தாண்டுச்சுனா காத்து கொண்டலா, கிழக்குக் காத்தாத் திரும்பும், அப்புறம் தெக்க இருந்து தூக்கும். அப்பத்தான் படகு கரையில ஏறும். வாடை அடங்கிருச்சுனு வீட்டுக்குள்ள போயிராதீக" என்றார்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான். கொரோனாவால் வீட்டில் இருந்தான். வானிலை மையம் அறிக்கை விட விட போனில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவன், தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான். புயலின் காற்று இடப்பக்கமாகச் சுற்றும், நடுப்புள்ளி நமக்குத் தெற்கே போனால் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்கு, அப்புறம் தென்கிழக்கு என்று திரும்பும் என்று வரைந்து காட்டினான். பெரியவர் குனிந்து அதைப் பார்த்தார். "இதைத்தான்டா சொல்றேன்" என்று அவன் முதுகில் தட்டினார். அந்த இரண்டு பேரும் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்த காட்சி எனக்குச் சாகும்வரை மறக்காது.

குந்துகாலுக்கு வடக்கே நம் தீவு, தெற்கே குருசடைத் தீவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்சமாவது மறைப்பு உண்டு. அங்கே மற்ற படகுகளை விட்டு விலகி, ஒரு நங்கூரம் வடகிழக்கே, ஒரு நங்கூரம் தெற்கே. மூன்று பாகம் தண்ணீருக்குப் பதினெட்டு பாகம் கயிறு (பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்).

இந்த இடத்தில் எங்கள் படகில் வேலை செய்கிற சின்னத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வள்ளத்தில் நானும் கூடப் போயிருந்தேன். அவன் கயிற்றை அவ்வளவு தொங்கலாக விடுவதைப் பார்த்து, "இழுத்துக் கட்டுடா, இப்படி விட்டா படகு நிக்குமா" என்று கத்திவிட்டேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகுதான் மற்றவர்கள் விளக்கினார்கள்: இழுத்துக் கட்டினால் அலை படகைத் தூக்கும்போது நங்கூரத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். தொங்கல் இருந்தால்தான் நங்கூரம் தரையோடு படுத்துப் பிடிக்கும், படகும் அலையோடு எழும்பி இறங்கும். தம்பி, நீ செய்தது சரி. அத்தனை பேர் முன்னால் கத்தினேன், அதனால் அத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

கயிறு படகின் முகப்பில் உரசுகிற இடத்தில் சுற்ற என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சாக்கு எல்லாம் நனைந்து கிடந்தது. நான் தலையில் கட்டியிருந்த பழைய நூல் சேலைத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். எட்டு சுற்று சுற்றி, மேலே சணலால் கட்டினார்கள். புயல் முடிந்து போய்ப் பார்த்தபோது அந்த எட்டில் ஆறு சுற்று பொடிப்பொடியாகத் தேய்ந்து போயிருந்தது. உள்ளே இரண்டு சுற்று மீதி. அதற்குக் கீழே கயிறு புதுசு மாதிரி இருந்தது. அந்தத் துணியை எடுத்து வைத்திருக்கிறேன். துணி கேட்கணும் என்று தோன்றிய அந்த மூளைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

பட்டறைக்கார அண்ணனுக்கும் நன்றி. கியர்பாக்ஸ் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது, கொண்டுவர முடியாது என்று போனில் சொன்னவர், "ஆனா கியர் இல்லைனாலும் இஞ்சின் ஓடும், இஞ்சின் ஓடினா பம்பு ஓடும், மழைத் தண்ணியாவது இறைக்கலாம்" என்று ஒரு பையனை அனுப்பிவைத்தார். பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு. அந்தப் பையன் வந்துவிட்டால் திரும்பிப் போக முடியுமோ என்னவோ. வந்தான். இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் படுத்தான். அந்த அடைமழையில் பம்பு ஓடாமல் இருந்திருந்தால் காற்று வேண்டாம், மழையே படகை முக்கியிருக்கும்.

சின்னப்பாலத்துப் பெண்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆண்கள் விசைப்படகுகளில் இருந்தபோது வள்ளங்களைக் கரையேற்றியது அவர்கள்தான். பனந்தடியை அடியில் போட்டு, ஒரு பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். தள்ளத் தள்ளப் பின்னால் வந்த தடியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓட இரண்டு பிள்ளைகள். ஃபைபர் வள்ளம் இலேசு, காற்று இலை மாதிரித் தூக்கிவிடும். அதனால் உள்ளே மணல் மூட்டை போட்டு, மழைத் தண்ணீர் வடிய அடித்தக்கையைப் பிடுங்கிவிட்டு, பனையோடு சேர்த்துக் கட்டினோம். நானும் தள்ளினேன். வலை, பேட்டரி, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் தலைச்சுமையாக வீடுகளுக்குப் போயிற்று. யார் வீட்டு வலை யார் வீட்டில் என்று கணக்கே இல்லை. ஒரு வாரத்தில் எல்லாம் அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு பேட்டரி கூடக் குறையவில்லை.

ஒரு கடையில் அன்றைக்கு நைலான் கயிறு விலையை ஏற்றிச் சொன்னார்கள். யார் என்று சொல்ல வரவில்லை. அதைக் கேட்டு நான் திரும்பி வந்தபோது, எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற சம்மாட்டி, அதாவது படகு முதலாளி ஒருவர் தன் வீட்டிலிருந்து ஒரு சுருள் கயிற்றை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். "என்கிட்ட இன்னொண்ணு இருக்கு" என்றார். இருக்கவில்லை. பழைய கயிறு இரண்டை முறுக்கித் தன் படகைக் கட்டியிருந்தார் என்பது எனக்கு 5-ம் தேதிதான் தெரிந்தது. அவர் படகு தப்பித்தது. தப்பாமல் போயிருந்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலைக் கடப்பேன்?

படகு நம்பரைக் குறித்துக்கொண்டு கரை கரையாக நடந்த மீன்வளத்துறைப் பிள்ளைகள், முகாமில் மாஸ்க் போட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சியவர்கள், கரண்ட் போன ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு கிழவிகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன பையன்கள், எல்லோருக்கும் நன்றி.

புயல் 2-ம் தேதி ராத்திரி இலங்கையில் திரிகோணமலைப் பக்கம் ஏறி, 3-ம் தேதி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, மதியம் நம் பக்கத்தில் வந்தது. வரும்போதே வலு குறைந்தது உண்மைதான். கடவுள் கருணை. ஆனால் அதற்கப்புறம் நகராமல் நம் மாவட்டக் கரையை ஒட்டியே நின்றுவிட்டது. பெரியவர் சொன்ன மாதிரியே வாடை அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கிலிருந்து அலை எழும்பி வந்தது. தெற்கே போட்ட அந்த நங்கூரம்தான் அப்போது படகைப் பிடித்தது. நஷ்டப்பட்ட வீடுகளும் உண்டு. அவர்களுக்கு எங்களால் ஆனதை, கயிறாகவோ ஆளாகவோ, கேட்காமலே கொண்டுவந்து தருவோம்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தெற்கு நங்கூரத்தில் இருந்தது எங்கள் கயிறும் இல்லை, சம்மாட்டி கொடுத்ததும் இல்லை. வள்ளத்தில் வந்த யாரோ ஒருவர் அந்த மழையில் எறிந்தது. பெரிய கனம், பச்சை நிறம், ஒரு நுனி தீயில் சுட்டு உருக்கியது, மறு நுனியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் "எங்களுது இல்லை" என்கிறார்கள். நல்ல தண்ணீரில் அலசி எங்கள் வீட்டுத் திண்ணையில் காயப் போட்டிருக்கிறேன். உடையவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது சாப்பிடாமல் வாருங்கள். அடுத்த வாரம் கியர் வந்து படகு தொழிலுக்குப் போகிறது. முதல் நாள் மீனில் உங்கள் வீட்டுக் குழம்புக்கு எடுத்து வைப்பேன்.

இப்படிக்கு,
பச்சை வாசல் வீட்டு அக்கா,
தெற்குவாடி, பாம்பன்
டிசம்பர் 2020