வாக்கர் அக்கா தங்கைமாரும் உன் அத்தைமாரும்

ஏட்டி வசந்தா,

திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. எட்டு மாதமாகப் பதில் போடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தைத் தொலைக்கவில்லை, பத்துத் தடவையாவது படித்திருப்பேன், அத்தைமார் இருக்கிற வீட்டை விற்கச் சொல்லி உன் அண்ணன் நிற்கிற இடம் வரும்போதெல்லாம் மூடி வைத்துவிடுவேன். இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முட்டுவலி, பையனுக்கு மீசை முளைத்திருக்கிறது. அவ்வளவுதான் சேதி.

போன வாரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனேன். எங்கள் நாக்ஸ்வில்லிலிருந்து ஒரு மணி நேரம்தான், ஆனாலும் உருப்படியாக இரண்டு நாள் தங்கிப் படம் எடுத்தது இதுதான் முதல் தடவை. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்த நாளைக்கு 5 டாலர்.

முதலில் க்ரோட்டோ அருவி. 25 அடிதான், நம் ஊர்க்காரன் பார்த்தால் இதற்கா இவ்வளவு தூரம் நடந்தாய் என்பான். ஆனால் பாதையே அருவிக்குப் பின்னால் போகிறது, தண்ணீர்த் திரைக்கு உள்ளே நின்று வெளியே இருக்கிற காட்டைப் பார்க்கலாம். ஒருத்தரும் குளிக்கவில்லை! எண்ணெய் வாசனை இல்லாத அருவியை அருவி என்று ஒப்புக்கொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆனது. வானம் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. போலரைசர் போட்டு ஈரப்பாறையின் பளபளப்பை அடக்கி, ட்ரைபாடில் வைத்து அரை வினாடி திறந்தால் தண்ணீர் இழை இழையாக விழுகிறது. அதற்கு மேல் திறந்தால் பஞ்சு மிட்டாய். சாரலில் லென்ஸ் நனைந்து நனைந்து துப்பட்டா முனை கந்தலாகிவிட்டது. குற்றாலத்தில் நீ என் ஃபிலிம் ரோலை வெயிலில் திறந்து பார்த்தாயே, அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

மறுநாள் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கு. 11 மைல் ஒருவழிப் பாதை, மூன்று மணி நேரம் ஆயிற்று. எவனாவது கரடியைப் பார்த்துவிட்டால் போதும், முன்னால் இருக்கிற வண்டியெல்லாம் தேர் நிலைக்கு வந்த மாதிரி நின்றுவிடும். கரடிக்கு 50 கெஜத்துக்குள் போகக் கூடாது என்பது சட்டம். குளிர்காலத்துக்கு முன்னால் கொழுப்பு ஏற்ற அது தலை நிமிராமல் ஓக் கொட்டையைத் தின்றுகொண்டிருந்தது. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதிலும் அதன் பின்பக்கம். பூனைக்கண் சுந்தரியிடம் சொல்லிவிடாதே, கல்லூரி வரைக்கும் கதை போய்விடும்.

இதெல்லாம் சொல்லவா எழுத உட்கார்ந்தேன், இல்லை. திரும்பி வரும் வழியில் லிட்டில் க்ரீன்பிரையர் என்ற இடத்தில் 1882இல் கட்டிய மரப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் காட்டுக்குள் நடந்தால் ஒரு மர வீடு. வாக்கர் அக்கா தங்கை ஐந்து பேர் இருந்த வீடு. மார்கரெட், பாலி, மார்த்தா, லூயிசா, ஹெட்டி. யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1934இல் இந்த மலையைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது சுற்றிலும் இருந்தவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், இவர்கள் மட்டும் அசையவில்லை. கடைசியில் 122 ஏக்கரை 4,750 டாலருக்குக் கொடுத்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: சாகிற வரைக்கும் இந்த வீட்டில்தான் இருப்போம். அரசாங்கமும் சரி என்றது.

சர்க்கரை, சோடா உப்பு, காப்பி, உப்பு, இவ்வளவுதான் கடையில் வாங்குவார்களாம். மற்றதெல்லாம் தோட்டம், ஆடு, தறி. குளிர் உள்ளே வராமல் சுவர் முழுக்கப் பத்திரிகைத் தாளை ஒட்டி வைத்திருந்தார்களாம். 1946இல் ஒரு பத்திரிகையில் இவர்களைப் பற்றி வந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது, வந்தவர்களுக்கு ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்றைப் பொரித்து விற்றிருக்கிறார்கள், லூயிசா தான் எழுதிய கவிதையையும் விற்றிருக்கிறாள். 1953இல் இரண்டு பேர்தான் மிச்சம். வயதாகிவிட்டது, பார்வையாளர்களை வரச்சொல்லும் பலகையை எடுத்துவிடுங்கள் என்று பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்களாம். லூயிசா 1964இல் போய்ச் சேர்ந்தாள், அதோடு வீடு பூங்காவுக்கு. (இவர்களுக்கெல்லாம் முன்னால் இங்கே இருந்த செரோக்கி மக்களில் பெரும்பாலோரை 1838இல் படை வைத்துத் துரத்தினார்கள், அவர்களிடம் யாரும் நிபந்தனை கேட்கவில்லை. அதையும் நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.)

பக்கத்தில் பால், வெண்ணெய் கெடாமல் ஊற்றுத் தண்ணீரில் வைக்கிற சின்னக் கொட்டகை இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்ததும் உன் சின்னத்தை அடுக்களை மூலையில் மண்ணை நனைத்து மோர்ப்பானை வைப்பாளே, அது கண்ணுக்குள் வந்தது. வசந்தா, நான் படமே எடுக்கவில்லை கொஞ்ச நேரம். தார்சாவில் உட்கார்ந்து பெரியத்தை நமக்கு வேர்க்கடலை உரித்துப் போடுவாள், நாம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நடிப்போம்.

உன் அண்ணன் கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். அவனுக்குக் கடன் இருக்கிறது, வாங்க வந்தவனும் நல்ல விலை சொல்கிறான். ஆனால் அத்தைமாரைத் திருநெல்வேலியில் மூன்றாவது மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நல்ல வக்கீலாகப் பார்த்துக் கேள், ‘ஆயுள் பரியந்தம் அத்தைமார் இரண்டு பேரும் குடியிருந்துகொள்ள’ என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று. வாங்குகிறவன் விலையைக் குறைப்பான், குறைக்கட்டும், அந்தக் குறைச்சலில் பாதியை நான் தருகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் முழித்தார், அப்புறம் ‘பெரியத்தை போட்ட சுக்குக் காப்பிக்கு அது சரியாப் போச்சு’ என்றார்.

எட்டு மாதம் யோசித்து இதைத்தான் சொல்கிறேனா என்று கேட்பாய். ஆமாம்.

படங்களை உன் போனுக்கு அனுப்புகிறேன். வாக்கர் வீட்டுப் படத்தைப் பெரியத்தையிடம் காட்டு, ஐந்து பெண்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொல், மற்றதைச் சொல்லாதே. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. பத்திரம் எந்தத் தேதி என்பதையும்.

உன்,
கோமு