நட்ட கல்தான் கணக்கு

கொலம்பஸ், ஒஹாயோ
அக்டோபர் 14

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் மகன் வீடு வாங்கிய அலைச்சல் என்று நாள் ஓடிவிட்டது. உன் பங்காளி வரப்பை அரை முழம் தள்ளி வெட்டியதும், முப்பத்தைந்து வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த நீயே சர்வேயருக்கு மனுப்போட்டுக் காத்திருப்பதும் படித்துச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வைத்தியர் வீட்டுக்கு வந்த காய்ச்சல் மாதிரிதான். பொறு, கல் கிடைத்துவிடும்.

உனக்கு இந்தத் தடவை எழுத நிறைய விஷயம் இருக்கிறது. எல்லாம் உன் தொழில் சம்பந்தப்பட்டது.

மகன் வாங்கிய வீடு சயோட்டோ ஆற்றுக்கு மேற்கே. பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன், பழக்கதோஷம். 'வர்ஜீனியா ராணுவ சர்வே' என்று போட்டு ஓர் எண் இருந்தது. வர்ஜீனியா வேறு மாநிலம். நடுவில் மேற்கு வர்ஜீனியா என்று இன்னொரு மாநிலமே கிடக்கிறது. ஒஹாயோ பத்திரத்தில் அதற்கு என்ன வேலை? இவனோடு வேலை பார்க்கும் ஒருவர் தென்கிழக்கே லான்காஸ்டர் பக்கம் இருக்கிறார். அவர் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அது வேறு பாஷை: ரேஞ்ச் இத்தனை, டவுன்ஷிப் இத்தனை, செக்‌ஷன் இத்தனை, அதில் வடமேற்குக் கால் பாகம். சதுரங்கக் கட்டத்தில் காய் நிற்கும் இடத்தைச் சொல்வது போல இருக்கிறது. முக்கால் மணி நேரக் கார் தூரத்தில் நிலத்தை விவரிக்க இரண்டு பாஷை. ஏன் என்று தேடப் போய்த்தான் இரண்டு வாரம் நூலகமே கதி என்று கிடந்தேன்.

முதலில் பழைய முறை. கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில், ஆள் முதலில் வந்தான், எல்லை பின்னால் வந்தது. வர்ஜீனியாவில் 1634-லேயே எட்டுக் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி, பிரித்துவிட்டார்கள். ஆனால் ஒரு மனிதனின் நிலம் என்பது 'வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வரை, ஓடையோடு போய்ப் பாறை வரை' என்ற கணக்குதான். மரம் விழும், ஓடை திசை மாறும், நம் ஊர் வாய்க்கால் போல. மேற்கே எல்லை என்ற ஒன்றே இல்லை. வர்ஜீனியாக்காரர்கள் 1738-ல் அகஸ்டா என்று ஒரு கவுண்டியை உண்டாக்கினார்கள். காகிதத்தில் அது மிசிசிப்பி ஆறு வரை போனது. போய்ப் பார்த்தவன் யார்?

வடக்கே மாசசூசெட்ஸ் பக்கம் வேறு வழக்கம். அங்கே ஊர்தான் அடிப்படை. அடுத்தடுத்த இரண்டு ஊர்ப் பொறுப்பாளர்களும் சில வருஷத்துக்கு ஒருமுறை சேர்ந்து எல்லையோடு நடந்து, கல்லைப் பார்த்து, அதில் வருஷத்தைப் பொறிக்க வேண்டும் என்று சட்டம். பதினேழாம் நூற்றாண்டு வழக்கம், இன்னும் ஏட்டில் இருக்கிறது: மாசசூசெட்ஸில் 5 வருஷத்துக்கு ஒருமுறை, நியூ ஹாம்ப்ஷயரில் 7 வருஷத்துக்கு ஒருமுறை. நம் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் உன் பங்காளி மண்வெட்டியைத் தூக்கியிருக்க மாட்டான்.

மகன் வீட்டுக் கதை இந்தப் பழைய முறையின் மிச்சம். சுதந்திரப் போரில் சண்டை போட்ட தன் சிப்பாய்களுக்குச் சம்பளம் தரக் காசில்லாத வர்ஜீனியா, நிலமாகத் தருகிறேன் என்று சீட்டு எழுதிக் கொடுத்தது. லிட்டில் மயாமி, சயோட்டோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே சுமார் 42 லட்சம் ஏக்கரை அதற்காக ஒதுக்கிக்கொண்டது. சீட்டு வைத்திருப்பவன் பிடித்த இடத்தை அவனே அளந்துகொள்ளலாம். விடுவானா? நல்ல கரிசலாகப் பார்த்து, ஆற்றை ஒட்டி, கோணல்மாணலாக வளைத்துப் போட்டான். அடுத்தவன் வந்து அதன்மேலேயே பாதியை அளந்தான். நடுவில் யாருக்கும் வேண்டாத துண்டுகள் முக்கோணமாகவும் வாலாகவும் மிஞ்சின. வழக்கு பேரன் காலம் வரை நடந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் சாலைகள் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை மாதிரி குறுக்கே குறுக்கே போகின்றன.

கென்டக்கியிலும் இதே கூத்துதான். ஆபிரகாம் லிங்கனின் அப்பா அங்கே வாங்கிய நிலத்துக்கெல்லாம் பட்டா தகராறு வந்து, வெறுத்துப்போய் 1816-ல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் பெயர்ந்தார். அந்தப் பையனே பின்னால் இலினாய்ஸில் சேங்கமன் கவுண்டி துணை சர்வேயராகச் சங்கிலி பிடித்தான் என்பது உனக்குப் பிடிக்கும். வாஷிங்டனும் உன் ஆள்தான். 17 வயசில் கல்பெப்பர் கவுண்டிக்கு சர்வேயர்.

இந்த லட்சணத்தைப் பார்த்த பிறகுதான் புது முறை வந்தது. போர் முடிந்து புது அரசாங்கத்திடம் காசில்லை, வரி போட அதிகாரமும் இல்லை. இருந்தது ஒன்றே, மேற்கே நிலம். விற்க வேண்டும் என்றால் முதலில் அளக்க வேண்டும். 1785 மே 20-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆள் வருவதற்கு முன்பே கோடு போட்டுவிடு என்பதுதான் அதன் சாரம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். வடக்கு தெற்காக அடுக்கி நிற்கும் டவுன்ஷிப் வரிசைதான் ரேஞ்ச். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 துண்டு, அதாவது செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் துண்டு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. ஒரு பிள்ளைகூடப் பிறக்காத காட்டில் பள்ளிக்கூடத்துக்கு இடம் விட்டிருக்கிறான் பார், அதற்கு ஒரு கும்பிடு போடலாம். 1796-க்குப் பிறகு துண்டுகளுக்கு எண் போட்ட விதம் தறியில் நாடா ஓடுவது போல: வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கி மேற்கே ஆறு வரை, அடுத்த வரிசையில் ஏழிலிருந்து கிழக்கே திரும்பி, இப்படிப் போய்த் திரும்பி முப்பத்தாறு.

இனிதான் உனக்கு வேண்டிய விஷயம். எதைக் கொண்டு அளந்தார்கள் தெரியுமா? 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. உன் அப்பா ஏலத்தில் எடுத்து வந்து பரணில் போட்ட அதே சாமான். 1620 வாக்கில் எட்மண்ட் கன்ட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தது; தமிழில் கொஞ்சம் அசந்தால் 'குண்டர் சங்கிலி' ஆகிவிடுகிறது, நிலத் தகராறுக்குப் பொருத்தமான பெயர்தான். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி சேர்ந்தால்? நம் ஒரு சென்ட்! நீ அரை சென்ட்டுக்குப் பஞ்சாயத்துப் பண்ணும்போதும், இங்கே ஒருத்தன் 640 ஏக்கர் சோளக்காட்டை விற்கும்போதும் ஒரே சங்கிலிதான் குலுங்குகிறது. இது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன சனிக்கிழமை மகனை நச்சரித்து அந்தச் சங்கிலியை முதலில் விரித்த இடத்துக்கே போய் வந்தேன். ஈஸ்ட் லிவர்பூல் என்று ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர், இங்கிருந்து மூன்று மணி நேரம். ஊருக்கு வெளியே, பென்சில்வேனியா தொடங்குகிற இடத்தில், சாலையோரம் ஒரு கல்தூண். லாரி போகிற காற்றில் பேத்தியின் தொப்பி பறந்தது, அவ்வளவு ஒட்டி இருக்கிறது சாலை. உண்மையான இடம் இதற்குத் தெற்கே 1112 அடி என்று தூணில் எழுதியிருக்கிறது. எட்டிப் பார்த்தால் அங்கே ஆறு ஓடுகிறது! பென்சில்வேனியா எல்லையை அளந்தவர்கள் கரையில் அடித்துவிட்டுப் போன முளை அது. பின்னால் ஆற்று மட்டம் உயர்ந்து அந்த இடமே தண்ணீருக்குள் போய்விட்டது. இந்த நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலத்துக்குக் கணக்கு தொடங்கிய புள்ளி மீன்களுக்கு நடுவே கிடக்கிறது. மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாமஸ் ஹட்சின்ஸ் என்பவர் 1785 செப்டம்பர் 30-ல் அங்கிருந்து நேர் மேற்கே கோடு பிடித்தார். கூலி மைலுக்கு இரண்டு டாலர். சங்கிலி பிடிப்பவன், மரம் கொத்துபவன், சோற்றுச் செலவு எல்லாம் அதற்குள்ளேயே. காட்டு மேடு பள்ளத்தில் சங்கிலியைத் தொய்யாமல் பிடிக்க வேண்டும், மூலைக்கு மூலை பக்கத்து மரத்தில் கொத்தி அடையாளம் வைக்க வேண்டும், என்ன மரம், எத்தனை கண்ணி தூரம் என்று நோட்டில் எழுத வேண்டும். அந்தச் சாட்சி மரக் குறிப்புகளை வைத்துத்தான், அழிந்துபோன காட்டில் என்னென்ன மரம் நின்றது என்று இன்றைக்கு ஆராய்கிறார்களாம். உன் புலப்படத்தில் 'புளி', 'பனை' என்று குறிப்பாயே, அதைப் பத்திரமாக வை.

அந்த வருஷம் ஹட்சின்ஸ் அளந்தது மொத்தம் நாலு மைல். பழங்குடியினர் தாக்கப் போகிறார்கள் என்று சேதி வர, அக்டோபரிலேயே மூட்டை கட்டிவிட்டார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷானி, மயாமி, டெலவேர் மக்கள் வேட்டையாடி, சோளம் போட்டு வாழ்ந்துகொண்டிருந்த மண். கேட்காமல் ஒருவன் வந்து அடுப்பங்கரை வழியே சங்கிலியை இழுக்கிறான். பத்து வருஷம் சண்டை நடந்து, 1794-ல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் தோற்ற பிறகு, 1795-ல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தச் சதுரங்களின் ஒழுங்கைப் புகழ்கிற பலர் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

கவுண்டி பிரித்த கதை இதைவிட எளிது. முதலில் யானை மாதிரி பெரிதாக ஒன்று, அப்புறம் ஆள் பெருகப் பெருகத் துண்டு. ஒஹாயோவில் முதல் கவுண்டி வாஷிங்டன், 1788-ல். 1796-ல் டெட்ராய்ட்டைத் தலைமையிடமாக வைத்த வேன் கவுண்டிக்குள் இன்றைய மிச்சிகனின் பெரும்பகுதியே அடங்கியிருந்தது. கோர்ட்டுக்குக் குதிரையில் போய்வரவே நாள் கணக்கில் ஆகிறது என்றால் யார் பொறுப்பார்கள்? மனு மேல் மனு. வெட்டிக்கொண்டே போனால் முடிவே இருக்காது என்று, 400 சதுர மைலுக்குக் கீழே எந்தக் கவுண்டியையும் குறைக்கக் கூடாது என 1802 அரசியல் சட்டத்தில் பூட்டுப் போட்டார்கள். கடைசியாக 1851-ல் நோபிள் கவுண்டியோடு 88 என்று நின்றது.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். மிச்சிகன் ஏரியின் தென்முனை எங்கே இருக்கிறது என்பதைப் பழைய வரைபடம் ஒன்று தப்பாகக் காட்டியதால், டொலீடோ ஊர் ஒஹாயோவுக்கா மிச்சிகனுக்கா என்று 1835-ல் சண்டை. இரண்டு பக்கமும் பட்டாளத்தைத் திரட்டின. ஒஹாயோ அந்த இடத்துக்குத் தன் கவர்னர் பெயரிலேயே லூக்கஸ் கவுண்டி என்று அறிவித்தது. கவுண்டி என்றால் கோர்ட்டு நடந்தாக வேண்டுமே! செப்டம்பர் 7 பிறந்ததும், நடுராத்திரி தாண்டி, நீதிபதிகள் திருட்டுத்தனமாகக் குதிரையில் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோர்ட்டு நடத்தி, நடவடிக்கைக் குறிப்பை எழுத்தர் தன் உயரமான தொப்பிக்குள் செருகிக்கொண்டு ஓடினார்கள். வழியில் மரக்கிளை தட்டித் தொப்பி விழ, இருட்டில் தேடி எடுத்தார்களாம். சண்டை முழுவதிலும் ரத்தம் பார்த்தது ஒரே ஆள். மிச்சிகன் துணை ஷெரிஃபைப் பேனாக்கத்தியால் குத்தினான் ஒருவன். அவன் பெயர் 'டூ'. அண்ணன் பெயர் 'ஒன்'. அப்பா வைத்த பெயர்தான், நான் கற்பனை செய்யவில்லை. ஊர் கடைசியில் ஒஹாயோவுக்கு வந்தது; மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே ஒரு தீபகற்பத்தையே தூக்கிக் கொடுத்தார்கள்.

கடைசியாக உன் வழக்குக்கு வருகிறேன். பூமி உருண்டை, அதன்மேல் சதுரம் ஒட்டாது. வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். சங்கிலி தேயும், ஆள் களைப்பான், ஊசி காந்தத்தில் விலகும். அதனால் இங்கே எந்த மைலும் சரியான மைல் இல்லை, எந்த 640-உம் சரியாக 640 இல்லை. பிழையைத் திருத்தப் போனால் நாடே கலையும் என்று தெரிந்து 1805-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: முதல் சர்வேயர் நட்ட மூலைதான் மூலை. அளவு தப்பாக இருந்தாலும் அதுவே எல்லை. நீ ராட்சதக் கருவி கொண்டுவந்து நாலு அடி வித்தியாசம் என்று நிரூபித்தாலும் செல்லாது. 'நட்ட கல்தான் கணக்கு' என்று நீ டீக்கடையில் சொல்வாயே, அதையே இவன் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறான். ஆகவே வரப்பைப் பார்த்து வயிறு எரியாதே. பழைய கல்லைத் தோண்டிப் பார். உன் பங்காளி வரப்பைத்தான் நகர்த்தியிருப்பான், முழங்கால் ஆழத்தில் கிடக்கிற கல்லை நகர்த்தும் அளவுக்கு அவனுக்குச் சுறுசுறுப்பு கிடையாது.

சரி, எனக்கு ஒரு காரியம் செய். பரணிலிருந்து அப்பாவின் சங்கிலியை இறக்கி, முற்றம் போதாது, தெருவில் நீட்டி டேப் வைத்துப் பார்த்து எழுது. தேய்ந்து இழுபட்டு 66 அடிக்கு மேல்தான் வரும் என்று நான் நூறு ரூபாய் கட்டுகிறேன். தை மாதம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன், அல்லது தருகிறேன்.

லட்சுமியைக் கேட்டதாகச் சொல்.

உன்
கணேசன்