டேப் கறுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, கட்டி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் ஏற்றும் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் தங்கையின் அறுவை சிகிச்சைக்குத் துணையாகப் போயிருந்தேன். கருவிப் பொட்டலத்தில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டி, "கோடு கறுத்துடுச்சும்மா, கவலைப்படாதீங்க" என்றது ஒரு சின்ன நர்ஸ் பொண்ணு. நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கோடு சொல்வது, பொட்டலம் சூட்டைப் பார்த்துவிட்டு வந்தது என்பதை மட்டுமே. நீராவி உள்ளே புகுந்ததா என்பதைப் பொட்டலத்துக்குள் வைக்கும் பட்டைதான் காட்டும். கிருமி செத்ததா என்று அறிய, சூட்டுக்கு எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகள் உள்ள குப்பியையும் சேர்த்து ஏற்றி, பிறகு அதை இன்குபேட்டரில் இதமான சூட்டில் வைத்து, வித்து முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, இதெல்லாம் இயந்திரத்தின் கதை. கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால், கழுவும் தொட்டியிலேயே தொடங்கிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்களை, அதாவது ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிகளை, மூடியபடியே கழுவி அடுக்கி வைத்தேன். மூத்த சிஸ்டர் ஒன்றை விரித்து, மூட்டில் வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் பழுப்புக் கோடு. காய்ந்த ரத்தம்! அன்று மொத்தச் செட்டையும் மறுபடி கழுவினேன். ரத்தம் காய்ந்து படிந்த இடத்தில் நீராவி படாது. 121 டிகிரியில் வைத்தாலும் சரி, 134 டிகிரியில் வைத்தாலும் சரி, அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமி தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் கருவி காயும் முன்பே எங்களிடம் வர வேண்டும் என்று அறுவை அரங்கத்தாரிடம் மல்லுக்கு நிற்போம். சலைனில் ஊறப்போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. உப்புத் தண்ணீர் எஃகை அரித்துக் குழி விழவைக்கும். ரத்தக் கறையைக் கரைக்கும் என்சைம் கரைசல், விரித்த மூட்டு, தண்ணீருக்குள்ளேயே பிரஷ், சக்‌ஷன் குழாய்க்கு நீளப் பிரஷ் எனக் கையால் செய்கிற வேலை இது. யார் கண்ணிலும் படாது.

அப்புறம் அரங்கத்திலிருந்து வரும் அந்த போன். "செட் ரெடியா? அடுத்த கேஸ் காத்திருக்கு!" இந்த அவசரத்தில்தான் ஈரம் காயாத பொட்டலமும் வெளியே போகிறது. ஈரத் துணி வழியே கிருமி மறுபடி உள்ளே ஏறும் என்பதால் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்ப வேண்டும். மாற்றுச் செட் இல்லாத அரங்கில் அதை யார் திருப்பி அனுப்புவார்? புதிய இயந்திரம் வாங்குகிற நிர்வாகங்கள், அதோடு நாலு செட் கருவியும் கூடுதலாக வாங்கட்டும். கழுவும் தொட்டியில் நிற்கப் பயிற்சி பெற்ற இன்னொரு ஆளையும் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிருமி நீக்கப் பிரிவு ஊழியர்